மின்குறிப்பேடா, டேப்லெட்டா? செந்தூல் மாணவி ஒருவரின் ஆறாம் படிவக் குறிப்புகள்

கோலாலம்பூரின் செந்தூலில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் வழிகாட்டி வகுப்பில் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் பாதிதான் பாடத்தைப் பற்றியவை. மீதியெல்லாம் பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுப்பது என்பது பற்றியவை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்குப் போகும் பிள்ளைக்குக் குறிப்பெடுக்க மின்குறிப்பேடோ டேப்லெட்டோ ஏதாவது ஒரு கருவி வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எது, ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒரு மாணவியின் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது முதல் அவர் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்தது வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆட்கள், பள்ளி, கடைகள், வாங்கிய கருவியின் தயாரிப்பாளர் ஆகிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

மாணவியின் தந்தை வாடகைக் கார் ஓட்டுகிறார். தாயார் நகரில் ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்கிறார். அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை மாணவியும் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் தம்பியும் பகிர்ந்துகொண்டனர். பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. மெதுவாகத்தான் இயங்கும், ஆனால் தட்டச்சு செய்யவும் கோப்புகளைச் சேமிக்கவும் போதும்.

அவர் எடுத்த பாடங்கள் தமிழ்மொழி, வரலாறு, பொருளியல், கட்டாயப் பாடமான பெங்காஜியான் ஆம் (பொது ஆய்வுகள்). எஸ்.டி.பி.எம். 2012 முதல் மூன்று பருவங்களாக நடக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் தனித் தேர்வு உண்டு. முதலிரண்டு பருவங்களின் தாள்களைக் கடைசியில் மறுபடி எழுதவும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதல் பருவக் குறிப்புகளை, அந்தத் தேர்வு முடிந்துவிட்டது என்று பழைய பேப்பர்க்காரரிடம் போட முடியாது. ஒன்றரை ஆண்டுக் குறிப்புகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்களிடம் வருவதற்கு முன்பே குடும்பம் இரண்டு முறை பணம் செலவழித்திருந்தது. முதல் முறை தாயார் இணையக் கடையில் 'மின்குறிப்பேடு' என்ற பெயரில் விற்ற ஒன்றை முப்பது ரிங்கிட்டுக்குள் வாங்கினார். வந்தது எல்.சி.டி. எழுதுபலகை. கறுப்புத் திரையில் குச்சியால் அழுத்தினால் பச்சைக் கோடு விழும். ஒரு பொத்தானை அழுத்தினால் மொத்தப் பக்கமும் அழியும். அந்த வகைத் திரையில் விழுந்த கோடு நிற்க மின்சாரம் வேண்டியதில்லை. அழிக்க மட்டும் பொத்தான் மின்கலம் வேலை செய்கிறது. 2010இல் பூகி போர்ட் என்ற பெயரில் சந்தைக்கு வந்த பலகையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். கணக்குப் போட்டுப் பார்க்க நல்ல பொருள். ஆனால் இந்த மலிவுப் பலகைக்கு நினைவகம் என்று ஒன்று கிடையாது. மாணவி முதல் நாள் வகுப்பில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். அடுத்த பாடத்துக்கு இடம் வேண்டியிருந்தது. அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதையும் சேமிக்காத பலகையைக் குறிப்பேடு என்று பெயரிட்டு விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அந்தப் பெயரை நம்பித்தான் அந்தத் தாய் வாங்கினார்.

இரண்டாம் முறை வாங்கியது மறுபயன்பாட்டுக் குறிப்பேடு. பக்கங்கள் நெகிழித்தன்மை கொண்ட தாள். அழியும் மையுள்ள பேனாவால் எழுதி, கைப்பேசியில் படமெடுத்துச் சேமித்த பிறகு ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். அதற்குப் பயன்படும் பைலட் நிறுவனத்தின் ஃபிரிக்ஷன் வகை மை, சூடு பட்டால் நிறம் இழக்கும். சுமார் 60 பாகை செல்சியஸில் எழுத்து மறைந்துவிடும். ஒரு நண்பகல், தந்தையின் காரில் முன்கண்ணாடிக்குக் கீழே இந்தக் குறிப்பேடு கிடந்தது. கோலாலம்பூர் வெயிலில் கதவு அடைத்த கார் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாலையில் எடுத்துப் பார்த்தபோது வரலாற்றுக் குறிப்புகள் இருந்த பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அந்த மை கடுங்குளிரில் நிறம் திரும்பப் பெறும் என்று மாணவி எங்கோ படித்து, குறிப்பேட்டைப் பையில் சுற்றி ஐஸ் பெட்டியின் உறைபகுதியில் வைத்தார். எழுத்துகள் திரும்பி வந்தன, சற்று வெளிறிய நிறத்தில். உடனே எல்லாவற்றையும் தாளில் படியெடுத்தார்.

இந்த நிலையில்தான் ஜொகூரிலிருந்த தாய்மாமன் 1,500 ரிங்கிட் அனுப்பி, "பிள்ளைக்கு நல்லதாக ஒன்று வாங்கிக் கொடு" என்றார். தாயார் வகுப்புக்கு வந்து, "நீங்கள் சொல்வதை வாங்கிவிடுகிறேன் டீச்சர், மூன்றாவது முறையும் பணம் வீணாகக் கூடாது" என்றார்.

வாங்கும் முன் கவனித்தவை

உடனே பெயர் சொல்லவில்லை. மாணவியின் புத்தகப் பையையும் கைப்பேசியையும் பார்க்கக் கேட்டோம். சில வாரங்கள் அவர் குறிப்பெடுக்கும் முறையை அப்படியே கவனித்தோம்.

அவர் வேகமாக, தெளிவாக எழுதுகிறவர். எழுதுவதில் குறையே இல்லை. குறை இருந்தது சேர்த்து வைப்பதில். கோடு போட்ட ஃபூல்ஸ்கேப் தாளில் எழுதி, கோப்பில் செருகி, வீட்டுக்கு வந்து பிரித்து அடுக்குவார். சில நாள் அடுக்குவார், சில நாள் மாட்டார். தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி பற்றிய குறிப்பு மூன்று இடங்களில் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒன்று பொருளியல் தாளின் பின்புறத்தில் இருந்தது.

வாசிப்புதான் இன்னும் பெரிய சிக்கல். ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளையும் பழைய வினாத்தாள்களையும் பி.டி.எஃப். கோப்புகளாகக் குழுவில் அனுப்புகிறார்கள். மாணவி அவற்றைக் கைப்பேசியில் பெரிதாக்கி, வரி வரியாக நகர்த்திப் படித்து, தாளில் படியெடுத்தார். எங்கள் கண்முன்னே ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் குழுச் செய்திகள் பலமுறை குறுக்கே வந்தன. ஒவ்வொரு முறையும் அவர் பார்வை மேலே போய்த் திரும்பியது. மடிக்கணினியில் படிக்கலாமே என்று கேட்டோம். தம்பி தூங்கிய பிறகு அதன் வெளிச்சம் அவனை எழுப்பிவிடுகிறது என்றார்.

பாடப்பணிகளைத் தட்டச்சு செய்து ஒப்படைக்க மடிக்கணினி போதுமாக இருந்தது. ஆகவே இந்த வீட்டுக்கு வேண்டியது இன்னொரு கணினி அன்று; படிக்கவும் எழுதவும் எழுதியதைப் பாடவாரியாக வைக்கவும் ஓர் இடம் என்ற முடிவுக்கு வந்தோம். பின்னால் எடுத்த தீர்மானங்கள் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை. மடிக்கணினி இல்லாத வீடாக இருந்திருந்தால் இந்த ஆய்வின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

கடையில் செய்த சோதனை

மாணவியையும் தாயாரையும் அழைத்துக்கொண்டு புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவுக்குப் போனோம். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு திரையிலும் மாணவி தம் கையால் ஒரே தொடரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்: 'கண்ணன் எண்ணினான்'. மூன்று சுழி, இரண்டு சுழி, புள்ளி எல்லாம் அடுத்தடுத்து வரும் தொடர்.

முதலில் விலை குறைந்த டேப்லெட்டும் அதோடு இலவசமாகத் தரும் ரப்பர் முனைப் பேனாவும். இந்தப் பேனா வேறொன்றும் இல்லை, விரலுக்குப் பதிலாகத் திரையைத் தொடும் ஒரு முனை. முனை தடிப்பாக இருந்ததால் 'ண'வின் மூன்று சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டின. உள்ளங்கை திரையில் பட்ட இடத்திலெல்லாம் கோடு விழுந்தது. அதைவிட முக்கியமாக, மெய்யெழுத்துக்கு மேல் வேகமாகத் தட்டிய புள்ளி பல முறை பதியவே இல்லை. "புள்ளி விழவில்லை டீச்சர்" என்று மாணவி தலையை நிமிர்த்திச் சொன்னார். திரையில் இருந்தது 'கணணன எணணினான'. ஆங்கிலம் எழுதிப் பார்த்து வாங்கும் ஒருவருக்கு இந்தக் குறை கண்ணில் படாமலே போகலாம். தமிழில் புள்ளி விடுபட்டால் படிக்கவே முடியாது.

அடுத்து, உண்மையான பேனா வசதியுள்ள டேப்லெட்டுகள். 2020இல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டோடு பேனா பெட்டியிலேயே வருகிறது. அது மின்காந்த ஒத்ததிர்வு முறையில் இயங்குவது. திரைக்குப் பின்னால் உள்ள தகடு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்து ஆற்றலைப் பெற்றுத் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கிறது. ஆகவே பேனாவுக்கு மின்கலம் தேவையில்லை. கையையும் பேனாவையும் கருவி பிரித்தறிகிறது. புள்ளிகள் ஒன்றுவிடாமல் விழுந்தன. ஐபேடிலும் எழுத்து அருமையாக வந்தது. ஆனால் ஆப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும். அதற்கு மின்னேற்றமும் வேண்டும். இரண்டும் சேர்ந்த விலை கையிலிருந்த பணத்தைத் தாண்டியது.

கடைசியாக மின்தாள் திரை கொண்ட மின்குறிப்பேடு. இந்தத் திரையின் உள்ளே நுண்ணிய குமிழிகளில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலே வருகிறது, மற்றது கீழே போகிறது. மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகிறது. பக்கம் அப்படியே நிற்கச் செலவு இல்லை. இன்று கடைகளில் காணும் மின்தாள் திரைகளில் பெரும்பாலானவற்றின் மூலம் 1997இல் எம்.ஐ.டி.யிலிருந்து பிறந்த இ இங்க் நிறுவனம். வாசிப்புக் கருவிகளில் வெகுகாலம் இருந்த இந்தத் திரை, 2017இல் ரிமார்க்கபிள், 2022இல் கிண்டில் ஸ்கிரைப் போன்றவை வந்தபின் எழுதும் ஏடாகவும் பரவியது. மாணவி எழுதியபோது பேனா முனை திரையில் லேசாக உரசும் ஓசை கேட்டது. சுழிகள் பிரிந்து நின்றன, புள்ளிகள் விழுந்தன. பக்கம் புரட்டும்போது முந்தைய பக்கத்தின் நிழல் மங்கலாகத் தெரிந்தது. அது அவரை உறுத்தவில்லை.

இரண்டு குறைகளை அங்கேயே கண்டோம். கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதியை அழுத்தியபோது அந்தக் கருவி தமிழை அடையாளம் காணவில்லை. பொருளற்ற ரோமன் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அதாவது தமிழில் எழுதிய பக்கம் கருவிக்கு வெறும் படம். சொல்லைத் தேடி எடுக்க முடியாது. மற்றது அளவு. 10.3 அங்குலத் திரையின் எழுதுபரப்பு ஏறத்தாழ 157 மில்லிமீட்டர் அகலம், 210 மில்லிமீட்டர் உயரம். ஏ4 தாளோ 210க்கு 297. ஆசிரியரின் பி.டி.எஃப். பக்கம் சுமார் எழுபது விழுக்காட்டு அளவுக்குச் சுருங்கும். 12 பாயிண்ட் அளவு எழுத்து எட்டரை பாயிண்டாகத் தெரியும். மாணவிக்கு அது படிக்க முடிந்தது. அவருடைய தாயாருக்கு முடியவில்லை.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

எங்கள் தன்னார்வலர்களிடையே கருத்து ஒத்துப்போகவில்லை. பொறியாளரான நண்பர் டேப்லெட்தான் சரி என்றார்: நிறம் தெரியும், காணொளி பார்க்கலாம், விசைப்பலகை சேர்த்தால் தட்டச்சும் செய்யலாம். வலுவான வாதம்தான். ஆனால் அந்த வேலைகளுக்கு வீட்டில் மடிக்கணினி இருந்தது. குழுச் செய்திகள் குறுக்கிடுவதை நாங்களே பார்த்திருந்தோம். டேப்லெட்டில் அதே செயலிகள் பெரிய திரையில் வந்து உட்காரும்.

இன்னொரு நண்பர், கையால் எழுதினால்தான் மனத்தில் நிற்கும் என்று 2014இல் மியுல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டினார். அந்த ஆய்வு கையெழுத்தை மடிக்கணினித் தட்டச்சோடு ஒப்பிட்டது. 2019இல் மோர்ஹெட், டன்லோஸ்கி, ராசன் ஆகியோர் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது, திரையில் எழுதும் குழு ஒன்றையும் சேர்த்தார்கள். குழுக்களுக்கிடையே தேர்வு முடிவுகளில் உறுதியான வேறுபாடு தொடர்ந்து வெளிப்படவில்லை. ஆகவே நினைவாற்றல் கூடும் என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தோம். பிள்ளையின் மதிப்பெண்ணுக்குக் கருவி உத்தரவாதம் தரும் என்ற எண்ணத்தைப் பெற்றோரிடம் வளர்க்கவும் நான் விரும்பவில்லை.

நன்னிலையில் இருந்த, ஒருவர் பயன்படுத்திய 10.3 அங்குல மின்குறிப்பேட்டை 950 ரிங்கிட்டுக்கு வாங்கினோம். மீதி 550 ரிங்கிட்டைத் தாயார் தனியே எடுத்து வைத்தார். பள்ளியில் கருவி கொண்டுவர அனுமதி வேண்டியிருந்தது. அதில் கேமராவும் இல்லை, செயலிக் கடையும் இல்லை என்று காட்டியதும் வகுப்பாசிரியர் எழுத்துமூலம் அனுமதி தந்தார்.

மூன்று ஏற்பாடுகளை மாணவியோடு பேசி வைத்துக்கொண்டோம். பாடப்பெயர், பருவம், தலைப்பு மூன்றும் ஒவ்வொரு ஏட்டின் பெயரிலும் இருக்க வேண்டும். தேட முடியாத எழுத்துக்கு இதுதான் தேடுவழி. ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லா ஏடுகளையும் பி.டி.எஃப். ஆக்கி மடிக்கணினியில் படியெடுக்க வேண்டும். கட்டுரைப் பயிற்சியை மட்டும் கருவியில் எழுதக் கூடாது. தாளில் பேனாவால்தான் எழுத வேண்டும். தேர்வு தாளில் நடக்கிறது. பக்கத்துக்கு எத்தனை சொல் வருகிறது, எந்த நேரத்தில் கை வலிக்கத் தொடங்குகிறது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அழித்து எழுதும் வசதிக்குக் கை பழகிவிட்டால் தேர்வறையில் அடித்தல் திருத்தல் பெருகும். இந்த ஏற்பாட்டில் நான் பிடிவாதமாக இருந்தேன். இன்றும் அப்படியே இருப்பேன்.

முதல் பருவமும் இரண்டாம் பருவமும்

முதல் மாற்றம் வாசிப்பில் தெரிந்தது. பி.டி.எஃப். கோப்பின் ஓரத்திலேயே குறிப்பு எழுதத் தொடங்கினார். படியெடுக்கும் வேலை குறைந்தது. வரலாற்றுப் பாடத்தில் ஆசிரியர் அனுப்பிய பக்கத்துக்குப் பக்கம் வெற்றுப் பக்கத்தைச் செருகி, அதில் காலவரிசையைத் தாமே எழுதினார். புணர்ச்சிக் குறிப்பு ஒரே ஏட்டில் சேர்ந்தது: இயல்புப் புணர்ச்சி ஒரு பக்கம், தோன்றல், திரிதல், கெடுதல் தனித்தனிப் பக்கம், 'பூங்கொடி' போன்ற எடுத்துக்காட்டுகளை வாசிக்கும்போது கிடைக்கக் கிடைக்கச் சேர்த்துக்கொண்டே போனார். தாளில் இடம் தீர்ந்தால் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். இங்கே நடுவில் பக்கம் நுழைக்கலாம். இந்த ஒரு வசதியைத்தான் அவர் எல்லாவற்றையும்விடப் பெரிதாகச் சொன்னார்.

இடர்களும் இருந்தன. வாங்கிய கருவிக்கு முன்விளக்கு இல்லை. அறையில் விளக்கை அணைத்தால் திரையும் இருளும். தாயார் கவ்வும் சிறு மேசை விளக்கு ஒன்றை வாங்கினார். அதன் ஒளி ஏட்டின்மேல் மட்டும் விழுந்ததால் தம்பி தூங்கினான். வரலாற்று வரைபடங்கள் சாம்பல் நிறத்தில் வந்து, எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தன. அவற்றை மடிக்கணினியில் பார்த்தார். மிகவும் தேவைப்பட்டவற்றை வண்ணத்தில் அச்செடுத்தார். பொருளியல் வளைகோடுகளில் நிறத்துக்குப் பதில் ஒன்றை முழுக் கோடாகவும் மற்றதைப் புள்ளிக் கோடாகவும் வரையப் பழகினார். பேனா முனை தேய்ந்தது. மாற்று முனைகளுக்குச் சிறு செலவு ஆனது. ஞாயிற்றுக்கிழமைப் படியெடுப்பு சில வாரம் தவறியது, நினைவூட்டினோம்.

தம்பி? முதலில் வாங்கிய எல்.சி.டி. பலகை அவனுக்குப் போனது. வாய்பாடு எழுதி அழித்து விளையாட்டாகப் படிக்கிறான். அந்தப் பலகைக்குப் பொருத்தமான ஆள் அவன்தான்.

திரை உடைந்தது

மூன்றாம் பருவத் தொடக்கத்தில், ஒரு வியாழக்கிழமை மாலை, எல்.ஆர்.டி. ரயில் நெரிசலில் மாணவி பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நின்றார். பைக்குள் துணி உறையில் மின்குறிப்பேடு. அதை ஒட்டி எஃகு உணவுக்கலன். வண்டி குலுங்கியபோது பின்னாலிருந்த கூட்டம் அவரைக் கம்பத்தோடு அழுத்தியது. வீட்டில் திறந்து பார்த்தால் மேற்பாதியில் அன்றைய பெங்காஜியான் ஆம் பக்கம் உறைந்து நின்றது. கீழ்ப்பாதி மட்டும் மாறியது.

அவர் உடனே புரிந்துகொள்ளவில்லை. எழுத்து தெரிகிறதே, வேலை செய்கிறது என்று நினைத்தார். மின்தாள் திரை உடைந்தாலும் கடைசியாகப் பதிந்த உருவம் அப்படியே நிற்கும். மின்சாரம் இல்லாமலே உருவம் தங்கும் இயல்புதான் காரணம். இந்தத் திரைகள் பலவற்றில் துகள் படலத்துக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடித் தகடு உண்டு. வெளிப்பரப்பில் கீறல்கூட இல்லாமல் அது உள்ளே உடைந்துவிடும்.

மடிக்கணினியில் முந்தைய ஞாயிறு வரையிலான படிகள் இருந்தன. இடைப்பட்ட நாள்களின் பக்கங்கள் கருவியில் மட்டுமே இருந்தன. யு.எஸ்.பி. கம்பியில் இணைத்துக் கோப்புகளை எடுக்க முடிந்தது. ஆனால் அவை தயாரிப்பாளரின் சொந்த வடிவத்தில் இருந்தன. மடிக்கணினியில் எந்த நிரலும் திறக்கவில்லை. அன்றிரவு மாணவி அழுததாகத் தாயார் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் பொறியாளர் நண்பர் வீட்டுக்குப் போனார். தொடக்கத்தில் கருவியை இயக்கியபோது தயாரிப்பாளரின் இணையக் கணக்கோடு இணைத்திருந்தோம். வீட்டில் வைஃபை இல்லாததால் அதை மறந்தே போயிருந்தனர். தந்தையின் கைப்பேசியிலிருந்து, முன்பு பதிந்திருந்த அதே பெயரில் இணையம் பகிர்ந்ததும், கருவி தானாகவே இணைந்து மீதிப் பக்கங்களை ஏற்றியது. கணக்கிலிருந்து அவற்றைப் பி.டி.எஃப். ஆக இறக்கினோம். ஒரு பக்கமும் போகவில்லை.

பழுதுபார்க்கக் கேட்ட தொகை, நாங்கள் கருவியை வாங்கிய விலையை நெருங்கியது. பழுதுபார்க்க வேண்டாம் என்று குடும்பமே முடிவு செய்தது. நாங்களும் அதையே சொல்லியிருப்போம்.

விளைவு

கையிருப்பில் இருந்த 550 ரிங்கிட்டில் இன்னொரு கருவி வாங்குவதா என்று பேசினோம். அந்தத் தொகைக்குக் கிடைத்தவை புள்ளி விழாத வகை டேப்லெட்டுகள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மாணவியே சொன்னார்: "இரண்டு பருவக் குறிப்பும் ஒழுங்காக இருக்கிறது டீச்சர். அதை அச்செடுத்துக் கொடுத்தால் போதும். மீதியைத் தாளில் எழுதிக்கொள்கிறேன்." அப்படியே செய்தோம். பாடவாரியாகச் சுருள் கம்பி போட்டு நான்கு கட்டுகள். மூன்றாம் பருவக் குறிப்பைத் தாளில் எழுதி, வாரந்தோறும் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பழைய பெயரிடும் முறையிலேயே சேமித்தார். கருவி போனபின்னும் அந்தப் பெயரிடும் ஒழுங்கு அவரிடம் தங்கியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

முதல் பருவத் தாள் ஒன்றை மறுபடி எழுதத் தீர்மானித்தபோது அந்தக் கட்டுகள் உடனே உதவின. தேர்வு முடிவு அவர் விரும்பிய படிப்புக்குப் போதுமானதாக அமைந்தது. இப்போது அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறார். இதைக் கருவியின் கணக்கில் எழுதமாட்டேன். அதிகாலையில் எழுந்து படித்தவர் அவர். இரவு விளக்குக்கும் அச்சுக்கும் பணம் எடுத்து வைத்தவர் அவர் தாயார்.

பல்கலைக்கழகம் போனபின் அவர் வாங்கியது பேனாவோடு வரும் டேப்லெட். அங்கே விரிவுரைப் படங்கள் வண்ணத்தில் வருகின்றன. ஒப்படைப்புகளை அதிலேயே திருத்தி அனுப்ப வேண்டியிருக்கிறது. பழைய மடிக்கணினியும் ஓய்ந்துவிட்டது. தேவை மாறியது, கருவியும் மாறியது. செய்தி அறிவிப்புகளைப் படிக்கும் நேரத்தில் அணைத்து வைப்பதாகச் சொன்னார்.

அடுத்த முறை மாற்றுவது

கெட்டி உறைக்கான பணத்தைக் கருவி வாங்கும் தொகையிலேயே சேர்ப்போம். துணி உறை கீறலைத் தடுக்கும், அழுத்தத்தைத் தடுக்காது. பின்தகடு கண்ணாடியா, வளையும் நெகிழியா என்று விற்பவரிடம் கேட்போம். நெகிழித் தகடு கொண்ட மின்தாள் திரைகளும் இருக்கின்றன, பஸ்ஸிலும் எல்.ஆர்.டி.யிலும் போகும் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு பெரிது. எஃகுக் கலனும் திரையும் பையின் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பதைப் பையைப் பார்க்கும் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறோம்.

படியெடுப்பை வாரம் ஒரு முறை என்று வைக்காமல், பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் கைப்பேசி இணையத்தில் கருவியை ஒருமுறை இணைத்துவிடும்படி மாற்றியிருக்கிறோம். ஞாயிறு பி.டி.எஃப். ஏற்பாடு அதற்கு மேல் தொடரும். தயாரிப்பாளரின் கணக்கு நாளைக்குக் கட்டணம் கேட்டாலும், நிறுவனமே இல்லாமல் போனாலும், மடிக்கணினியில் உள்ள பி.டி.எஃப். திறக்கும்.

வீட்டில் கணினியே இல்லை என்றால் மின்குறிப்பேட்டைப் பரிந்துரைப்பதில்லை. பாடப்பணியைத் தட்டச்சு செய்ய வழியில்லாத பிள்ளைக்கு அது பாதிக் கருவி. அப்படிப்பட்ட வீட்டுக்கு உண்மையான பேனா ஏற்கும் டேப்லெட்டும் எளிய விசைப்பலகையும், அல்லது பயன்படுத்திய மடிக்கணினியும் ஃபூல்ஸ்கேப் தாளும். எந்தத் திரையானாலும் பிள்ளை தன் கையால் தமிழில் எழுதிப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. முப்பது ரிங்கிட் பலகை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று விளக்கும் ஒரு தாளைப் பெற்றோர் கூட்டத்தில் கொடுக்கிறோம்.

இப்போது வகுப்பில், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மின்குறிப்பேடு ஒன்றை, கெட்டி உறையோடு, இரவலாகக் கொடுக்கிறோம். வாங்க நினைக்கும் மாணவர் இரண்டு வாரம் வைத்திருந்து, தம் பாடங்களை அதில் எழுதி, எழுதியதைப் பி.டி.எஃப். ஆக்கித் தம்மிடம் சேமித்தபிறகு திருப்பித் தர வேண்டும். இதுவரை எடுத்துப் போனவர்களில் சிலர் வாங்கினார்கள். அறிவியல் பிரிவு மாணவர் ஒருவர், வரைபடங்களுக்கு நிறம் வேண்டும் என்று டேப்லெட்டுக்குப் போனார். ஒரு மாணவி திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாளுக்கே போய்விட்டார். அவருடைய பெற்றோர் அந்தப் பணத்தில் பயிற்சி நூல்கள் வாங்கினார்கள்.